கண்ணாடி ரப்பரும் துருவும்: பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 2007இல் பதிவான சுசுகி ஜிம்னி. 2017இல் சிஓஇ-யை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) பத்தாண்டுக்குப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கதவு ரப்பர் இரண்டு தடவை மாற்றியாயிற்று, பின்சக்கர வளைவை ஒரு தடவை வெட்டி ஒட்டியாயிற்று. நான் மெக்கானிக் இல்லை. முதலில் கெடுத்துவிட்டு அப்புறம் கற்றுக்கொண்ட ஆள். காப்பிக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பஜேரோ, லேண்ட் குரூசர், டிஃபெண்டர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

கண்ணாடி ரப்பர் என்றால் எந்த ரப்பர்?

கடையில் போய் "கதவு ரப்பர்" என்று கேட்டால், "எது?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரு கதவிலேயே நான்கு இருக்கின்றன. கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடத்தில் வெளிப்பக்கமாக ஓடும் கறுப்புப் பட்டை ஒன்று. இதைப் பெல்ட் மோல்டிங் என்பார்கள், சிலர் வெளி வெதர்ஸ்ட்ரிப் என்பார்கள், நம் ஆட்கள் பொதுவாகப் பீடிங் என்றே முடித்துக்கொள்வார்கள். அதற்கு நேர் உட்புறம் இன்னொன்று. கண்ணாடி ஏறி இறங்கும் தடத்தில் 'ப' வடிவில் இருப்பது கிளாஸ் ரன். கதவை மூடும்போது நசுங்கிக்கொடுப்பது கதவுச் சட்டத்து ரப்பர்.

திறக்காத கண்ணாடிகளுக்கு வேறு கணக்கு. லேண்ட் குரூசர் 70 போன்ற பழைய வண்டிகளில் முன்கண்ணாடியே ஒரு கனமான ரப்பர் வளையத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

நகத்தால் அழுத்துங்கள். ரப்பர் உள்ளே போய்த் திரும்பி வந்தால் உயிர் இருக்கிறது. அழுத்தின இடத்தில் கோடு விழுந்தாலோ பொடி உதிர்ந்தாலோ முடிந்தது. கண்ணாடியை இறக்கி ஏற்றும்போது செங்குத்தாகக் கீறல் விழுகிறதென்றால், பட்டையின் உதட்டில் இருந்த மென்மயிர் தேய்ந்து, அதில் சிக்கிய மணல் கண்ணாடியை அறுக்கிறது என்று பொருள். பட்டையின் இரு முனைகளும் சுருங்கி, கதவு ஓரத்தில் இடைவெளி தெரிவதும் ஓர் அடையாளம். முதலில் கெடுவது பெரும்பாலும் வெயில் படும் பக்கம்தான். மாடிக் கார்பார்க்கின் மேல்தளத்தில் தினமும் ஒரே திசையில் நிறுத்துபவர்கள் இரண்டு பக்கத்து ரப்பரையும் ஒப்பிட்டுப் பார்த்தால் புரியும்.

கதவைத் திறக்கும்போது உள்ளே தண்ணீர் சலசலக்கிறது. ரப்பர் மாற்றினால் நின்றுவிடுமா?

அநேகமாக நிற்காது. பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. வெளிப்பட்டை மழையில் பெரும்பகுதியைத் தடுக்கும். மிச்சம் கண்ணாடியோடு வழிந்து உள்ளே இறங்கும். அது தெரிந்துதான் கதவின் அடியில் இரண்டு மூன்று வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். உள் அலங்காரப் பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாளையும் ஒட்டியிருப்பார்கள். கதவுக்குள் ஓடும் தண்ணீர் பயணிகள் பக்கம் வராமல் தடுப்பது அதன் வேலை. ஆக, மேலே ரப்பர், நடுவே தாள், கீழே துளை. இந்த மூன்றில் துளை அடைபட்டால் கதவு ஒரு தொட்டியாகிவிடும். கதவுத் தகரத்தின் அடிமடிப்பு உள்ளிருந்து அழுகுவது அப்படித்தான். வெளியே கொப்புளம் தெரிவதற்குள் உள்ளே பாதி போயிருக்கும்.

எனக்கு இதைக் காட்டியவர் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் இருந்த சீனப் பெரியவர். நான் ரப்பர் பற்றி விவரமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் பதிலே பேசாமல் ஒரு சாத்தே குச்சியை எடுத்து வந்து, கீழே குந்தி, கதவு விளிம்பில் குத்தினார். பழுப்புத் தண்ணீர் அவருடைய செருப்பு மேலேயே கொட்டியது. அதோடு வந்து விழுந்தவை வட்ட வட்டமான சிறு காகிதத் துண்டுகள்: பார்க்கிங் கட்டணக் கூப்பனில் தேதியும் மணியும் கிழித்தோமே, அந்தத் துணுக்குகள். வருடக்கணக்காகக் கண்ணாடி இடுக்கு வழியாக விழுந்து, ஊறிக் கூழாகி, துளையை அடைத்திருந்தன. செயலியில் கட்டணம் கட்டும் காலத்தில் வாங்கிய வண்டி என்றால் உங்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது. காய்ந்த இலையும் மண்ணும் இருக்கும்.

மாதத்துக்கு ஒரு தடவை குச்சியால் குத்திப் பாருங்கள். கம்பி வேண்டாம், பெயிண்டைக் கீறி, அங்கேயே புதிதாகத் துருவை ஆரம்பித்து வைக்கும்.

வெளிப்பட்டையை நானே மாற்றலாமா?

மாற்றலாம். முதல் கதவுக்கு ஒரு காலைப்பொழுது போகும், அடுத்ததற்குப் பாதி நேரம். பசியாறிவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் தொடங்குங்கள்.

கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். பட்டைக்குக் கீழே பெயிண்ட் மேல் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பல வண்டிகளில் கதவு ஓரத்தில், பட்டையின் முனையில், ஒரு சிறு திருகு ஒளிந்திருக்கும். அதை முதலில் கழற்ற வேண்டும். கழற்றாமல் இழுத்துப் பட்டையை வளைத்தவர்கள் கதை நிறைய உண்டு. அப்புறம் பிளாஸ்டிக் நெம்புகோலைப் பட்டைக்கு அடியில் கொடுத்து, ஒரு முனையிலிருந்து விரற்கடை விரற்கடையாக மேல்நோக்கி நெம்புங்கள். திருப்புளியால் நெம்பினால் கதவு உதடு நசுங்கும். நசுங்கிய உதட்டில் புதுப்பட்டை ஒருபோதும் சரியாக உட்காராது.

சில மாடல்களில் உள் அலங்காரப் பலகையைக் கழற்றாமல் கிளிப்புகள் விடாது. கையால் சுற்றும் கண்ணாடி என்றால், சுற்றுப்பிடிக்குப் பின்னால் ஒரு வளைந்த கம்பிக் கிளிப் இருக்கும். பழைய துணி ஒன்றைப் பிடிக்குப் பின்னால் விட்டு, செருப்புக்குப் பாலிஷ் போடுவதுபோல இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் கிளிப் துள்ளி விழும். எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ள ஒரு ஆளை நிறுத்துங்கள். என் முதல் கிளிப் இன்னும் கிடைக்கவில்லை.

பட்டை வந்ததும் புதியதை மாட்ட அவசரப்படாதீர்கள். முழு வேலையிலும் முக்கியமான பத்து நிமிடம் இதுதான். கிளிப் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்புக் கிளிப் வருடக்கணக்கில் அதிர்ந்து பெயிண்டைத் தேய்த்து, அந்த இடத்தில் பழுப்புப் புள்ளி விட்டிருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, எபோக்சி பிரைமரை (அடிப்பூச்சு) தூரிகையால் தொட்டு வைத்து, நன்றாகக் காயவிட்டு, மேலே பெயிண்ட் தொட்டு, அதன்பிறகுதான் புதுப்பட்டை. உள்பக்கம் துருவைத் தடுக்கும் மெழுகு ஸ்பிரே செய்வதானால் இப்போதே செய்துவிடுங்கள். கதவு திறந்து கிடக்கும் நேரம் தினமும் வராது.

புதியதை ஒரு முனையிலிருந்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கிளிப்பும் 'டக்' என்று சொல்லும். சொல்லாத இடத்தில் மழை பேசும்.

உள்ளே இருந்த பிளாஸ்டிக் தாள் கிழிந்துவிட்டது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டால் கால்விரிப்பு ஊறும். அடியில் தரைத்தகரம் துருவேறும். கனமான பாலித்தீன் தாளைப் பழையதன் அளவுக்கு வெட்டி, பியூட்டைல் என்னும் பிசுபிசுப்பான ஒட்டுப்பட்டையால் ஒட்டுங்கள். தாளின் கீழ் ஓரம் கதவின் உள்ளே போய் விழ வேண்டும், வெளியே தொங்கக் கூடாது.

எந்த ரப்பர் வாங்குவது? மீட்டர் கணக்கில் விற்பது போதாதா?

கதவுச் சட்டத்து ரப்பருக்கு, குறுக்குவெட்டு வடிவம் ஒத்துவந்தால், மீட்டர் சரக்குப் போதும். பழையதில் ஓர் அங்குலம் வெட்டிக் கையில் எடுத்துப் போங்கள், வாயால் விளக்க முடியாது. வெளிப்பட்டைக்கும் கிளாஸ் ரன்னுக்கும் அந்த வண்டிக்கென்றே வார்த்தது வேண்டும். சேஸி எண்ணைக் கொடுத்தால் ஜாலான் புசார் பக்கத்து உதிரிபாகக் கடைகளில் சரியான பாக எண்ணைப் பார்த்துச் சொல்வார்கள். மூன்றாம் தலைமுறை ஜிம்னி 1998 முதல் 2018 வரை ஓடிய மாடல் என்பதால் சாமான் கிடைப்பது அவ்வளவு சிரமமில்லை. எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் விலை குறைவுதான். ஆனால் கடற்பாலத்தில் நின்ற நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய ரப்பரை மட்டும் வாங்காதீர்கள். அதற்கும் உங்கள் ரப்பரின் வயதுதான்.

ஒழுகும் இடத்தில் சிலிக்கான் போட்டு அடைத்துவிட்டால்?

போட்டேன். அனுபவித்தேன். ஹார்ட்வேர் கடையில் குளியலறைக்கு விற்கும் சிலிக்கானைத் திறந்தால் வினிகர் வாடை வரும், கவனித்திருப்பீர்கள். காயும்போது அது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. இரும்புத் தகரத்தின் மேல் அமிலத்தை வைத்து மூடிவிட்டு, ஒழுகல் நின்றது என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒரு வருடம் கழித்து உரித்தபோது சிலிக்கானின் அடிப்புறம் முழுக்க ஆரஞ்சு நிறம். இன்னொரு தொல்லையும் உண்டு: சிலிக்கான் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது, குழி குழியாக விலகும்.

தகர மூட்டுகளுக்கு வண்டிகளுக்கென்றே விற்கும் பாலியூரித்தேன் சீலண்ட் வாங்குங்கள். எதைப் பூசினாலும் வடிகால் துளையை மூடிவிடாதீர்கள்.

இங்கே பனியும் இல்லை, சாலையில் உப்பும் தூவுவதில்லை. பிறகு ஏன் துரு?

ஈரப்பதம். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகி, துருப்பிடிக்கும் வேகம் கூடும். சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. மழையில்லாத நாளில் பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்குகிறது. நம் வண்டியின் இடுக்குகள் முழுதாகக் காய்வதற்கு நேரமே இல்லை. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதுவும் 170 நாள்களுக்கு மேல் பரவிப் பெய்கிறது. போதாததற்குச் சுற்றிலும் கடல். கரையோரம் குடியிருப்பவர்களின் வண்டியில் உப்புக்காற்றும் படியும்.

குளிர்நாட்டு வண்டி அடியிலிருந்து அழுகும். நம்முடையது இடுக்குகளிலிருந்து அழுகும். அதனால்தான் ரப்பரையும் துருவையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் எங்கே பார்ப்பது?

ஜிம்னியில் பின்சக்கர வளைவின் உள் உதடு, கதவுக்குக் கீழே ஓடும் சில், பின்பம்பருக்குப் பின்னால் இருக்கும் மூலைகள், முன்விளக்குகளுக்குப் பின்புறம். பிறகு உடல் சேஸியின் மேல் உட்காரும் இடங்கள். பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கிப் பார்க்க மறக்காதீர்கள். தூக்கவே இல்லை என்பவர்கள்தான் அதிகம்.

முன்கண்ணாடி ரப்பரில் உட்காரும் வண்டிகளில் கீழ் மூலைகள் இரண்டும் சந்தேகத்துக்குரியவை. ரப்பரைத் தூக்கிப் பார்த்தால் சட்டம் மட்டும் மெல்லிசாக மீந்திருக்கும்.

டிஃபெண்டர்காரர்கள் "என் வண்டி அலுமினியம், துருவே பிடிக்காது" என்பார்கள். மேல்தகடு அலுமினியம், சரி. கதவின் உள்சட்டமும் சேஸியும் எஃகு. இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் கரையும்: பெயிண்டுக்கு அடியில் வெள்ளைப் பொடியாகப் பொங்கும். ரப்பர் மாற்றும்போது திருகு போடும் இடங்களில் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே தடுப்புப் பசை தடவிப் போடுங்கள்.

பெயிண்டில் சின்னக் கொப்புளம். தொட்டுத் தடவிவிட்டால் போதாதா?

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு எழும்புகிறது. நீங்கள் பார்க்கும் கொப்புளம் ஐந்து காசு அளவென்றால், அடியில் ஐம்பது காசு அளவாவது இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுரண்டுங்கள். பளபளக்கும் எஃகு தெரிந்த பிறகும் சுற்றிலும் ஒரு விரல் அகலம் கூடுதலாகச் சுரண்டுங்கள். கூரான திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெட்டி எடுத்துப் புதுத்தகரம் வெல்டு வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஓட்டையின் மேல் பட்டி பார்த்துப் பூசி மறைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டி தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சினதைத் தகரத்தோடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். பழைய வண்டி வாங்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். சக்கர வளைவில் காந்தம் நழுவினால் அங்கே பட்டி.

ஓட்டை இல்லையென்றால் எபோக்சி பிரைமர், அதன் மேல் தேவைப்பட்டால் பட்டி, பிறகு பெயிண்ட். எஃகு தெரிந்த அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். கையுறை போடுங்கள். ஒரு தடவை நான் சுரண்டி முடித்து, சரியாக வந்திருக்கிறதா என்று வெறுங்கையால் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், வியர்வை பட்ட இடத்தில் என் நான்கு விரல் ரேகையும் பழுப்பு நிறத்தில் அச்சாகியிருந்தது.

வெல்டு வைத்தால் அந்தச் சூட்டில் பின்பக்கத்துப் பெயிண்டும் மெழுகும் எரிந்துபோகும். முன்பக்கம் அழகாக முடித்துக் கொடுத்துவிடுவார்கள். பின்பக்கத்துக்கு மெழுகு அடிக்கச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை.

துரு மாற்றி என்று புட்டியில் விற்கிறார்களே, வேலை செய்யுமா?

செய்யும், அதன் அளவுக்கு. ஒரு வகையில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், இன்னொன்றில் டானிக் அமிலம். இரண்டாவது துருவோடு சேர்ந்து நீலம் கலந்த கறுப்பாக மாறும்; கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் மை கறுக்கிறதே, அதே சங்கதி. பொருக்குப் பொருக்காக உரியும் துருவின் மேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் கறுக்கும். கம்பிப் பிரஷ்ஷால் உதிர்வதையெல்லாம் உதிர்த்துவிட்டு, குழிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மேலே பெயிண்ட் கட்டாயம்.

அடியில் கறுப்பு அண்டர்கோட் அடித்துவிட்டால் நிம்மதிதானே?

புது வண்டிக்குச் சரி. பழைய வண்டியில், ஏற்கனவே துருவிருக்கும் இடத்தில், கனத்த கறுப்புப் பூச்சு ஒரு போர்வை மாதிரி. ஓரத்தில் விரிசல் விழுந்து, தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் அங்கேயே குடியிருக்கும். ஒரு பட்டறையில் எனக்கு இப்படித்தான் துருவைச் சுரண்டாமல் மேலே அடித்துக் கொடுத்தார்கள். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. இரண்டு வருடம் கழித்துத் திருப்புளியால் தட்டினேன். அப்பளம் மாதிரிப் பெயர்ந்து விழுந்தது.

எனக்குப் பிடித்தது மெழுகு அல்லது லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) வகை. அது கெட்டியாகாமல் இடுக்குக்குள் ஊர்ந்து போகும். ஆண்டுக்கு ஒரு தடவை, நவம்பர் மழைக்கு முன்னால் அடித்துவிடுவது என் வழக்கம். ஜிம்னியின் சேஸி பெட்டி வடிவக் குழாய். வெளியே மட்டும் அடித்துப் பயனில்லை. அதிலுள்ள துளைகள் வழியாக நீண்ட குழலை விட்டு உள்ளே சுற்றிலும் பீய்ச்ச வேண்டும். பிரேக் டிஸ்க், எக்சாஸ்ட், ரப்பர் புஷ் மூன்றையும் முதலில் மூடிவிடுங்கள்.

மலேசியாவுக்குக் காட்டுப்பாதைப் பயணம் போய் வந்தால் என்ன செய்வது?

அன்றே கழுவுங்கள். கோத்தா திங்கி பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சேஸிக்குள் போய் உட்கார்ந்தால் வாரக்கணக்கில் ஈரம் காக்கும். மேலே நுரை போட்டுக் கழுவி என்ன பயன், அடியிலும் சக்கர வளைவின் உள் உதட்டிலும் சேஸித் துளைகளிலும் தண்ணீர் தெளிந்து வரும்வரை பீய்ச்ச வேண்டும். தேசாரு கடற்கரை மணலில் இறக்கினவர்கள் இரண்டு தடவை கழுவுங்கள். பிறகு மூடி வைக்காமல், ஒரு சுற்று ஓட்டிக் காயவிடுங்கள்.

கார் கவர்?

ஈர வண்டியின் மேல் வேண்டாம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்பார்க்கில் இந்த வேலைகளைச் செய்யலாமா?

துளையில் குச்சி விடுவது, ரப்பர் துடைப்பது வரைக்கும் சரி. சத்தம், தூசி, பெயிண்ட் வாடை வரும் எதையும் அங்கே செய்யாதீர்கள். தெரிந்த பட்டறையில் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை ஓர் ஓரம் கிடைக்கும்.

சிஓஇ முடியப்போகிறது. இந்த வண்டிக்கு இனிமேல் செலவு செய்வதா?

வரிசையை மாற்றி யோசியுங்கள். புதுப்பிக்கக் கட்டும் தொகை கடந்த மூன்று மாத சிஓஇ விலைகளின் சராசரி. பிஏஆர்எஃப் கழிவும் (பத்தாண்டுக்குள் வண்டியின் பதிவை நீக்கினால் திரும்பக் கிடைக்கும் தொகை) கையைவிட்டுப் போகும். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் அதன்பிறகு நீட்டிக்க முடியாது. பத்தாண்டு தாண்டியதும் சாலை வரியில் 10 விழுக்காடு கூடுதல் தொடங்கி 50 வரை ஏறும், சோதனைக்கும் ஆண்டுதோறும் போக வேண்டும். இத்தனையும் கட்டிவிட்டு, அப்புறம் சேஸியில் ஓட்டை என்று தெரிந்தால் மனசு தாங்காது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே வண்டியை லிஃப்டில் ஏற்றி, சிறு சுத்தியலால் சேஸி முழுக்கத் தட்டிக் கேளுங்கள். நல்ல எஃகு 'டிங்' என்னும், அழுகினது 'டொப்' என்னும். டிங் என்றால் ரப்பருக்குத் தாராளமாகச் செலவு செய்யுங்கள். மூன்று வயதைத் தாண்டிய பழைய காரை, கிளாசிக் போன்ற விதிவிலக்குகள் தவிர, இங்கே இறக்குமதி செய்ய முடியாது. இதே மாதிரி இன்னொன்றை ஜப்பானிலிருந்து தருவிக்கலாம் என்ற கனவு வேண்டாம்.

ரப்பரில் தேங்காய் எண்ணெய் தடவலாமா? அப்பா காலத்தில் தடவினார்கள்.

அப்பா காலத்து ரப்பர் வேறு. எண்ணெய் தூசியைப் பிடித்து, பிசுபிசுத்து, கடைசியில் கண்ணாடியில் கோடு போடும். பெட்ரோலியம் கலந்த ஸ்பிரேயும் வேண்டாம். இப்போதைய கதவு ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர் வகை, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிப்போகும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தடவுங்கள். மேலே நான் திட்டின சிலிக்கான் பசை வேறு, இந்தத் திரவம் வேறு. இதில் அமிலம் இல்லை. ஆனால் பெயிண்ட் அடிக்கப்போகும் வாரத்தில் இதையும் தொடாதீர்கள்.

புது ரப்பர் போட்டதிலிருந்து கண்ணாடி முனகிக்கொண்டே ஏறுகிறது. தப்பாகப் போட்டுவிட்டேனா?

புது உதடு இறுக்கமாகத்தான் இருக்கும். கிளாஸ் ரன் உள்ளே சிலிக்கான் ஸ்பிரே அடித்து, ஒரு வாரம் ஏற்றி இறக்குங்கள், தளரும். தளராவிட்டால் 'ப' வடிவத்தின் மூலை எங்காவது மடிந்து உட்கார்ந்திருக்கும். பாதிக் கண்ணாடி ஏறின நிலையில் நிறுத்தி, தடத்தில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டுங்கள். மேடு தட்டும் இடத்தில் ரப்பரை இழுத்து மறுபடி அழுத்துங்கள். அதுவரை மோட்டார் சுவிட்சை விடாமல் அழுத்திப் பிடித்து முரண்டு செய்ய வேண்டாம். மோட்டார் ரப்பரைவிட விலை அதிகம்.